ஆனி மாதத்தில் சாயம் பூசிய தரை

இந்த மலையாள நாட்டில் துடைத்த தரை காய்வதில்லை. காலையில் என் வீட்டுக்காரி சிவகாமி ஈரத்துணியால் கூடத்தைத் துடைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். குளித்து, திருநீறு பூசி, அடுப்பு மூட்டி, தோசை வார்த்து என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் அந்த ஈரம் அப்படியே மினுங்கிக்கொண்டு கிடக்கும். கொடியில் போட்ட வேட்டி உலர்வதற்கு முன்னால் பூசணம் பூத்துவிடும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கும். திருநீறு ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாகப் போகும் ஊரை நான் இங்கே வந்துதான் கண்டேன். நெற்றியில் இட வேண்டுமானால் முதலில் விரலால் நசுக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். என்னைப் போல் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்து, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இராது.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குத் தெற்கே. செம்மண், பனை, ஆட்டுக்கிடை, இவ்வளவுதான் ஊர். அங்கே பெண்கள் தரையைச் சாணி போட்டு மெழுகினால், வாளியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அது காய்ந்து வெளுத்துவிடும். ஆனி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். மேற்கேயிருந்து காற்று வரும். இலையில் போட்ட சோற்றில் மணல் விழும். துணியைப் பிழிந்து உதறினால் கையிலேயே பாதி காய்ந்துவிடும். அந்த ஆனி மாதத்தை மனசில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வத்தல், மல்லி, உளுந்து இவற்றை நம் பக்கத்திலிருந்து வண்டியில் வரவழைத்து விற்கும் சிறு கடை எனக்கு. பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவே, ராஜபாட்டையை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். எங்களுக்கு முன்னால் சர்வே வேலைக்கு வந்த ஒரு துரை அதில் இருந்தாராம். போகும்போது மேசை, நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றையும் ஏலம் போட்டுவிட்டார். கூடத்துத் தரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது சுண்ணாம்புத் தரைமேல் பசை போட்டு ஒட்டியிருந்த ஒரு விரிப்பு. லினோலியம் என்று பெயர். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். ஒரு காலத்தில் அதில் பூவும் கொடியும் இருந்திருக்கின்றன. நாங்கள் வந்தபோது பழுப்பு நிறமாகி, நடக்கும் இடமெல்லாம் தேய்ந்து, அங்கங்கே வெடித்திருந்தது.

முதல் நாள் அதன்மேல் கால் வைத்ததும் சிவகாமி பின்வாங்கினாள். மண் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். இது இளஞ்சூடாக, மெத்தென்று, அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கியது.

“இங்கேருங்க, இது தோலு மாதிரியில்லா இருக்கு” என்றாள்.

நாங்கள் சைவ வீட்டார். பூசை நடக்கும் வீட்டில் தோல் செருப்பு வாசலோடு நின்றுவிடும். தோல்மேல் உட்கார்ந்து சாப்பிடுவது எங்களால் ஆகாது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை கூடம் முழுக்கச் சாணி போட்டு மெழுகினாள். மறுநாள் அது அப்பளம் அப்பளமாக எழும்பி வந்தது. வீட்டுச் சொந்தக்காரி பகவதியக்கா அதைப் பார்த்துவிட்டார். பக்கத்து வளவிலேயே இருக்கிறவர். கைம்பெண். அவர் புருசன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும்.

“எக்க மக்கா, என்னத்தச் செய்து வச்சிருக்கே! துரைக்க தறையில சாணியா? கேட்டாருன்னா சீமையில இருந்து நீந்தி வருவாரு!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கதவுக்குப் பின்னால் பெயர்ந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து நான் அடுப்பில் போட்டேன். சிவகாமி மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எண்ணெய்த் துணி எரிகிற வாடைதான் வந்தது. தோல் கருகுகிற நாற்றம் இல்லை. எங்கள் இருவருக்கும் சந்தேகம் தீர்ந்தது. அதன்பிறகு அதிலேயே நடந்தோம். சாப்பாட்டை மட்டும் மண் தரையாக இருந்த அடுக்களையில் வைத்துக்கொண்டோம். அப்படியே காலம் போயிருக்கும்.

சிவகாமிக்கு மூன்றாம் முறையாக உண்டாயிற்று. முன்னால் இரண்டு முறை தங்காமல் போய்விட்டது. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. கடவுள் கொடுத்தார், எடுத்தார் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இந்த முறை நெய்யாற்றின்கரை வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, வண்டியில் ஏறவே கூடாது, கட்டிலை விட்டு அதிகம் இறங்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் வழக்கப்படி ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கணவாய் வழியாக அத்தனை தூரம் மாட்டு வண்டி குலுங்கிப் போவதை நினைக்கவே முடியாது. ஆகவே அவள் தாயார்தான் இங்கே வர வேண்டும்.

என் அத்தையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். தீட்சை பெற்றவர். தினமும் குளித்து ஈரப்புடவையோடு பூசை முடித்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பார். தம் பூசைப் பெட்டியைப் பிறர் தொட விடமாட்டார். மகளை மலையாள நாட்டுக்குக் கட்டிக் கொடுக்க அவருக்கு இஷ்டமே இல்லை. மாமா உயிரோடு இருந்தபோது வாக்குக் கொடுத்துவிட்டதால் பேசாமல் இருந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. இது கோபமில்லை, மரியாதை. நம் வீடுகளில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. சொல்ல வேண்டியதைக் கதவைப் பார்த்தோ தூணைப் பார்த்தோ சொல்வார்கள். மருமகன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

“அம்மா வந்தாத்தான் எனக்குத் தைரியம்” என்றாள் சிவகாமி. “ஆனா இந்தத் தரையப் பாத்தா வாசலோட திரும்பிருவா. எரிச்சுப் பாத்தோம்னு சொன்னா கேக்கவா போறா? கோயில் மடத்துல போய் இருந்துக்கிடுவா. இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி பல்லுல படாது.” சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் அழக் கூடாது என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார்.

விரிப்பைப் பெயர்த்துவிடலாமா என்று பகவதியக்காவிடம் கேட்டேன்.

“தம்பி, அது துரை இட்டதாக்கும். இந்தத் தறையப் பாக்கணும்னு கொல்லயில்ல இருந்து பெண்ணுங்க குடை பிடிச்சிட்டு வந்திருக்கு. அதைப் பேத்தா அடியில ஒரே குழியும் பொடியும். உம்ம வீட்டுக்காரிக்குக் கால் தட்டினா ஆரு சமாதானம் சொல்லது?”

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. சிமிட்டித் தரை பெரிய வீட்டுக் காரியம், என் கைக்கு அடங்காது. இப்படி யோசனையாகக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே வேலப்பன் ஆசாரி யாரோ அதிகாரியின் வில்வண்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். பழைய மரம் புதுசாகிக்கொண்டே வந்தது. எழுந்து போய்க் கேட்டேன்.

“ஆசாரியே, இந்தச் சாயத்தைத் தரைக்கு அடிக்கலாமா?”

அவர் தூரிகையை நிறுத்தாமல் சொன்னார்: “அடிக்கலாமே. வண்டி ஓடும், தறை ஓடாது. அது ஒண்ணுதான் வித்தியாசம்.”

அன்பர்களே, பழைய லினோலியத்தோடு யாராவது கஷ்டப்படுகிறீர்கள் என்றால் வேலை இப்படித்தான். முதலில் சாம்பலும் சீயக்காயும் கரைத்துத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். துரைமார் வீட்டில் அதற்கு மெழுகு போட்டு மினுக்குவார்களாம். அந்த மெழுகு போகாவிட்டால் சாயம் பிடிக்காது. கழுவி, துடைத்து, வெடிப்புகளில் சீமைச்சுண்ணாம்புப் பொடியையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த மக்கை வைத்து அமுக்க வேண்டும். பிறகு காவிப் பொடியை அதே எண்ணெயில் அரைத்து, டர்பன்டைன் விட்டு இளக்கி, மெல்லிசாக ஒரு பூச்சு. அது நன்றாக உலர்ந்த பிற்பாடு இன்னொரு பூச்சு. உலர்ந்த பிற்பாடு என்பதை இப்போது அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அன்றைக்கு அந்த அடிக்கோடு என் மனசில் இல்லை.

கடையை மதியத்தோடு சாத்திவிட்டு நானும் ஆசாரியோடு முழங்காலில் நின்று தேய்த்தேன். சிவகாமி உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவி நிறம் ஏறஏற அவள் முகம் தெளிந்தது. ஆசைப்பட்டு நான் ஓரத்தில் கோயில் மதில் மாதிரி வெள்ளைப் பட்டை ஒன்று போடலாமா என்று கேட்டேன்.

“கோயில் மதில மிதிச்சிக்கிட்டா நடக்கது? ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

எனக்கு அது தோன்றவில்லை. அவள் சொன்னதுதான் சரி.

முதல் பூச்சு முடிந்தது. வெளியே மழை. இங்கே இடவப்பாதி மழை என்று ஒன்று ஆரம்பித்தால் வானம் மூடியது மூடியதுதான். கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் கேட்டேன்: “இது காயுமா?”

“ஒணங்கும் அண்ணாச்சி. ஒணங்காம எங்க போவ?”

நாளைக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் ஆவணியை மனசில் வைத்துச் சொல்லியிருக்கிறார். இந்த நாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. கேட்கிறவன்தான் வானத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாளையங்கோட்டைக்காரன் எந்த வானத்தைப் பார்ப்பான்? ஆனி மாதம், காற்று மாதம் என்று எண்ணி, முதல் பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதையும் அடிக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் பார்த்தேன். கண்ணாடி போல் மின்னியது. மின்னுவது எல்லாம் காய்ந்தது என்று நினைக்கிற ஊரில் பிறந்தவன் நான். உள்ளறைக்குச் சுவரோரமாக ஒரு பலகை போட்டிருந்தோம். அதன்மேல் போய்வந்துகொண்டிருந்ததால் நடுக்கூடத்தை நான் தொட்டும் பார்க்கவில்லை.

அத்தைக்கு வத்தல் வண்டிக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தோம். ஆடி பிறந்து வருவார் என்பது எங்கள் எண்ணம். அவரோ சேதி கிடைத்த மறுவண்டியிலேயே ஏறிவிட்டார். பிற்பகலில் கடையிலிருந்து சாப்பிட வந்தவன் கூடத்தின் மறுகோடியில் நிற்கிறேன். வாசலில் வண்டி வந்து நிற்கிறது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தொப்பலாக நனைந்து அத்தை இறங்குகிறார். பூசைப் பெட்டியை இரண்டு கையாலும் மாரோடு அணைத்திருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள், கால் கழுவ வைத்திருந்த தண்ணீரைப் பகவதியக்கா ஓடிவந்து ஊற்ற, கழுவின ஈரக்காலோடு உள்ளே வந்தார். மகள் இருக்கும் அறை எது என்று கண்டுகொண்டு நேராக நடந்தார். கூடத்தின் நடுவில் வந்ததும் வலது கால் நின்றுவிட்டது.

இழுத்தார். வரவில்லை. கையில் சாமி இருக்கிறது, கீழே வைக்க முடியாது. உடம்பு ஆடியது. என்னைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த கதவைப் பார்த்துச் சொன்னார்:

“இந்த ஊர்ல தரை ஆளப் பிடிச்சு வைக்குமோ?”

“மதினி, பேடிக்காண்டாம், பயப்படாதீங்க!” என்று வாசலிலிருந்து பகவதியக்கா கத்தினார். “ஆசாரி ரெண்டு நாளாட்டு அடிச்ச சாயமாக்கும். அசையாம நில்லுங்க, பலகை எடுத்திட்டு வாறேன்!”

உள்ளேயிருந்து சிவகாமி, “அம்மா! அம்மா வந்துட்டாளா?” என்று குரல் கொடுத்தாள். அவள் எழுந்துவிடுவாளோ என்று நினைத்தேன். அத்தைக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். மறுபடி இழுத்தார். சாய்ந்தார். அப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை.

“மாப்பிள்ளை, பெட்டியப் பிடிங்க.”

நான் தயங்கினேன். “கடையில இருந்து அப்படியே வந்திருக்கேன் அத்தை. குளிக்கல.”

“வத்தல் மூட்டையத்தான தொட்டீங்க, மனுசரைக் கொன்னுட்டா வந்தீங்க? பிடிங்கன்னா!”

சாயத்தை மிதித்துக்கொண்டே போனேன். பெட்டியை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டேன். இன்னொரு கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். மழையில் நனைந்த கை, சில்லென்றிருந்தது. ஒரு உதறலில் கால் விடுபட்டது. அவர் உள்ளங்காலில் காவித் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. தரையில் கால் இருந்த இடத்தில் சாயம் போய், துரை வீட்டுப் பழுப்பும் பாதிப் பூவும் தெரிந்தன.

அத்தை குனிந்து பார்த்தார்.

“சாயத்துக்குக் கீழ என்ன?”

அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் அத்தனை பாடும் பட்டது. கையில் பூசைப் பெட்டி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பூசி மெழுகிப் பேச முடியாது. “சீமை விரிப்பு அத்தை. துரை போட்டது. தோலோன்னு சிவகாமி பயந்தா. ஒரு துண்டை எரிச்சு மோந்து பாத்தோம். தோல் இல்ல, எண்ணெயும் சணலும்தான். நீங்க திரும்பிப் போயிருவீங்களோன்னுதான் மேல காவி அடிச்சோம்” என்றேன்.

வாசலுக்கு அப்பால் மழையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துவிட்டு, “ஆச்சி, மாட்ட அவுக்கவா, இல்ல திருப்பவா?” என்று கேட்டார்.

அத்தை உள்ளறைப் பக்கம் பார்த்தார். வாசல் வழியாகக் கட்டிலின் கால்மாடு தெரிந்தது. சிவகாமியின் வீங்கின பாதங்கள் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. அவள் ஒரு சத்தமும் போடாமல் கிடந்தாள். பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“மாட்ட அவுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை. “இந்தக் காலோட எந்த வண்டியில ஏற?”

சிவபெருமானே என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளே சிவகாமி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது.

பிறகு வந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். மழை நிற்கவே இல்லை. பகவதியக்கா, கொப்பரை உலர்த்துகிற மாதிரி உலர்த்திவிடலாம் என்று, சட்டிகளில் சிரட்டைக் கனல் நிரப்பிக் கூடத்தில் அங்கங்கே கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தார். கனல் அணையாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்தக் கோடியில் பலகைமேல் அவர், இந்தக் கோடியில் மணைமேல் அத்தை. நடுவில் ஒட்டுகிற தரை. இருவரும் விசிறிக்கொண்டே பேசுவார்கள். முதல் நாள் பகவதியக்கா அன்பாகப் புளிசேரிக் குழம்பும் தோரன் பொரியலும் கொண்டுவந்தார். அத்தை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“தேங்காயெண்ணெய் தலைக்குத் தேய்க்கதுல்லா? அதையா தாளிக்கீங்க?”

“பின்ன நீங்க எதில தாளிப்பிய மதினி?”

“நல்லெண்ணெயில.”

“எக்க பகவானே! அது சனியாழ்ச்சை மேலுக்குத் தேய்ச்சுக் குளிக்கதாக்கும். அதையா குடிக்கிய?”

இரண்டு பேருக்கும் முகம் சுண்டிவிட்டது. ஒருத்தர் குளிக்கிற எண்ணெயை இன்னொருத்தர் சாப்பிடுகிறார் என்பதைச் சீரணிக்க அவர்களுக்கு ஒரு பொழுது ஆயிற்று. சாயங்காலம் பார்க்கிறேன், அத்தையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதே தேங்காயெண்ணெயைப் போட்டு உள்ளங்காலில் ஒட்டின காவியைப் பகவதியக்கா தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். “கூசுது, விடுங்க” என்கிறார் அத்தை. “கூசினாத்தானே உயிர் உண்டுன்னு அர்த்தம், நேரே நீட்டுங்க காலை” என்கிறார் அவர்.

தரை இறுகிற்று. இறுகின பிறகும் அத்தை பூசைப் பெட்டியை அடுக்களை மண் தரையில்தான் வைத்திருந்தார். அதில் அவர் மாறவில்லை. ஆனால் மகளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு, கைத்தாங்கலாக அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு, அந்தக் கூடத்தில் அவர் நடந்த நடைக்குக் கணக்கில்லை. கதவையும் தூணையும் பார்த்துப் பேசுவதும் நின்றுபோயிற்று. “மாப்பிள்ளை, விறகு ஈரமா இருக்கு”, “மாப்பிள்ளை, சுக்கு வாங்கிட்டு வாங்க” என்று நேராகவே சொல்வார். முதலில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு விடிகாலை உள்ளறையில் ஓடு ஒழுகி, கட்டில் நனைந்துவிட்டது. சிவகாமிக்கு அதே நேரத்தில் வலி கண்டது. மருத்துவச்சி கூடத்தைத் தவிர வேறு இடமில்லை என்றாள். அத்தை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பாயைத் தட்டித் தரையில் விரித்தார். பிறகு தீட்டு வந்துவிடும் என்பதால் பூசைப் பெட்டியை எடுத்துப் பகவதியக்காவின் கையில் கொடுத்தார். “ஒங்க வீட்டுல விளக்குக்குப் பக்கத்துல வைங்க. பூ மட்டும் போட்டாப் போதும்” என்றார். யாரும் தொடக் கூடாத பெட்டி அது. பகவதியக்கா குளித்த ஈரத்தோடு அதை வாங்கிக்கொண்டு, மழையில் குடையைப் பெட்டிக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு போனார்.

நான் வாசல் படியில் உட்கார்ந்து ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல் பல தடவை தடுமாறியது. முன்னால் இரண்டு முறையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறையும் உள்ளே பெரிய மௌனம்தான் பதிலாக வந்தது. இந்த முறை அழுகைச் சத்தம் வந்தது. மெல்லிசாக ஆரம்பித்து, மழையைத் தாண்டிக் கேட்டது. பெண் குழந்தை. காந்திமதி என்று அம்பாள் பெயரையே வைத்தோம். பகவதியக்கா எட்டிப் பார்த்து, “துரைக்க தறையில பாண்டிக்குட்டி பொறந்தாச்சு!” என்று வளவுக்கே கேட்கும்படி அறிவித்தார். இங்கே நம்மைப் பாண்டிக்காரர் என்பார்கள். சில வாய்களில் அது குத்தும். அன்றைக்கு அந்த வாயிலிருந்து கேட்டபோது அது தாலாட்டாக இருந்தது.

அத்தை காரியம் எல்லாம் முடித்து ஊர் திரும்பினார். காந்திமதி அந்தக் கூடத்திலேயே குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நடை பழகினாள். வழவழப்பான தரை, எண்ணெய்க் கால்களோடு அவள் வழுக்கி விழுந்து விழுந்து எழுவதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும். காவி தேயும்போது மறுபடி பூசுகிறேன். இப்போது மாசியில்தான் பூசுவது. கடைக்கு வரும் ஆட்கள் மழையில் சாயம் காயுமா என்று கேட்டால், “ஒணங்கும்” என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

போன பங்குனியில் குழந்தையை முதல் தடவையாக அத்தை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கணவாய் தாண்டியதும் காற்று முகத்தில் மணலோடு அடித்தது. சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு அதை மூச்சிழுத்தாள். அத்தை வீட்டில் எங்களுக்காகப் புதுசாக மெழுகியிருந்தார்கள். சாணியும் வைக்கோல் துணுக்கும் வெயிலில் காய்ந்த அந்த மணம் வாசலுக்கே வந்தது. சிவகாமி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

காந்திமதியின் பாதம் தரையில் பட்டதும் இரண்டு கால்களையும் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டாள். சொரசொரப்பு அவளுக்குப் புதுசு; அடுப்புக்குப் பயந்து எங்கள் அடுக்களை மண் தரையில் அவளை இறக்கிவிட்டதே இல்லை. மறுபடி இறக்கினாள் தாய். மறுபடி காலை மடக்கிக்கொண்டு, பாய்ச்சலில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். “மலையாளத்துப் பிள்ளைக்கு நம்ம தரை காலுல குத்துதோ?” என்றாள் ஒருத்தி. “பரங்கி நாற்காலி கொண்டாந்து போடுங்கட்டி” என்றாள் இன்னொருத்தி. எல்லாம் கேலிதான், கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் சிவகாமியின் முகம் விழுந்துவிட்டது. அவள் தவழ்ந்து வளர்ந்த தரை அது. குழந்தையைப் பிடித்து அழுத்தி நிறுத்தப் போனாள்.

“அழுத்தாதட்டி” என்றார் அத்தை.

அடுக்களையிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார். புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிச் செருகினார். குழந்தையை வாங்கித் தமக்கு முன்னால், தம் இரண்டு பாதங்களின்மேல் அவளுடைய இரண்டு பாதங்கள் வரும்படி நிறுத்தினார். சின்னக் கைகள் இரண்டையும் மேலே பிடித்துக்கொண்டார். காந்திமதி அழுகையை நிறுத்திக் குனிந்து பார்த்தாள்.

“நட மக்கா, நட” என்றார் அத்தை.

மக்கா என்பது எங்கள் ஊர்ப் பேச்சில்லை. அது பகவதியக்காவின் வாய். எங்கே கற்றார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வலது காலைத் தூக்கி வைத்தார். குழந்தையின் வலது காலும் போயிற்று. இடது காலைத் தூக்கி வைத்தார்; இடது காலும் போயிற்று. இரண்டு பேரும் மெதுவாகக் கூடத்தைத் தாண்டி, முற்றத்து வெயிலை நோக்கிப் போனார்கள். என் மகள் சிரித்துக்கொண்டே அந்த வீடு முழுவதும் நடந்தாள், தரையில் கால் படாமல்.